ஒரு மீனின் நெடும்பெயர்

பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளில் பவளப்பாறைகளிடையே வாழும் சிறுமீன் ஒன்றின் பெயர் 'ஹுமுஹுமுநுகுநுகுஆபுஅஅ' என்பதாகும். இதனை வகுப்பறைக் கரும்பலகையில் எழுதியபோது மாணவர்கள் நகைத்தனர். நீளம் கண்டு எழுந்த நகை அது. பொருள் விளங்கினால் அந்நகை வியப்பாக மாறும் என்னும் நம்பிக்கையே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதற்கண் ஒலிப்பினைக் காண்போம். ஹவாய் மொழியில் உயிரொலி ஐந்து, மெய்யொலி எட்டு. மெய்யும் மெய்யும் மயங்குதல் அங்கு இல்லை. ஒவ்வோர் அசையும் உயிரிலேயே முடியும். ஆகவே நம் எழுத்தில் எழுதுங்கால், அசைக்கு ஓர் எழுத்தாகப் பன்னிரண்டு எழுத்துகளில் இப்பெயர் அடங்கிவிடுகிறது. ககரத்தை வல்லோசையாகவே ஒலித்தல் வேண்டும். ஈற்றிலுள்ள இரண்டு அகரங்களுக்கிடையே குரல்வளையில் ஒலி ஒரு கணம் தடைப்படும். அத்தடையையும் அம்மக்கள் ஒரு மெய்யாகவே எண்ணுவர். 'புஅஅ' என்றால் பன்றி. 'புஅ' என்றால் பூ. ஈற்றசையை விழுங்கிவிட்டால் பன்றி பூவாகிவிடும்!

இனிப் பொருள். 'ஹுமு' என்பது தைத்தல். அது இரட்டித்து 'ஹுமுஹுமு' என நின்று துண்டுகளை இணைத்துத் தைத்தலைக் குறிக்கும். நம் இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது. இதுவோ பிரித்தாலும் பொருள் தரும். கரிய பட்டையும் பொன்னிறக் கோடும் நீலக் கீற்றுமாக அம்மீனின் உடல் பல துணிகளைச் சேர்த்துத் தைத்ததுபோல் தோன்றுவதால் இப்பெயர் வந்தது என்பர். 'நுகு' என்பது மூக்கு அல்லது மோவாய் முனை. இரட்டித்தால் சிறுமைப் பொருள் தரும். 'ஆ' உவம உருபு. நம் 'போல' என்பதற்கு ஒப்பானது. ஆக, 'பன்றியினது போன்ற சிறுமூக்குடைய ஹுமுஹுமு' என்பதே முழுப்பொருள். நீரினின்று வெளியே எடுத்தால் இம்மீன் உறுமவும் செய்யும்.

இதில் 'ஹுமுஹுமு' என்பது இனப்பெயர், எஞ்சியவை அடைமொழி. கரியது 'ஹுமுஹுமு எலெஎலெ' எனப்படும். நாம் சுறா என்னும் பொதுப்பெயரோடு அடை சேர்த்துப் பால்சுறா, கொம்பன்சுறா எனப் பகுத்துரைப்பதை இதனோடு ஒப்பிடலாம். இதே குடும்பத்து மீன்களை நம் கடற்கரையோர் கிளாத்தி என்பர்.

பன்றி அத்தீவினரின் பழைய சமயச் சடங்குகளில் முதன்மையான படையல். அது கிடையாதபோது சில மீன்களை மாற்றாகப் படைத்தனர். அவற்றைக் 'கடற்பன்றி' என்னும் பொருளுடைய சொல்லால் சுட்டினர். பன்றியுருவும் மனிதவுருவும் கொள்ளவல்ல கமபுஅஅ என்னும் தொன்மக்கதை மாந்தன், எரிமலைத் தெய்வமாகிய பெலேயிடமிருந்து தப்பிக் கடலில் குதித்தபோது இம்மீனாக மாறினான் என்றும் கதை கூறுவர்.

இப்பெயரின் வரலாற்றில் என் உள்ளத்தை வருத்திய செய்தி ஒன்றுண்டு. 1896-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஹவாய்ப் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியது. தாய்மொழியில் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அவ்வாறு மொழி பள்ளியினின்று துரத்தப்பட்டிருந்த காலத்தில்தான், 1933-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலப் பாட்டின் வாயிலாக இம்மீன்பெயர் அமெரிக்கா எங்கும் வேடிக்கைச் சொல்லாகப் பரவியது. மொழியை அடக்கியவர்களுக்கு அதன் நீண்ட சொல்லொன்று மட்டும் விளையாட்டுப் பொருளாயிற்று!

1978-இல் ஹவாய் மொழி ஆங்கிலத்தோடு ஆட்சிமொழித் தகுதி பெற்றது. 1984-இல் மழலையர்க்கு அம்மொழியிலேயே கற்பிக்கும் 'பூனான லெயோ' பள்ளி தொடங்கப்பெற்றது. 'மொழிக்கூடு' என்பது அதன் பொருள். ஏறத்தாழ அதே காலத்தில்தான் மக்கள் வாக்கெடுப்பில் இம்மீன் முதலிடம் பெற்று மாநில மீனாயிற்று. ஐந்தாண்டுக்கென இயற்றப்பட்ட அச்சட்டம் 1990-இல் காலாவதியானது. பலர் அதனை அறியவே இல்லை. மாநில மீன் என்றே சொல்லி வந்தனர். 2006 மே மாதத்தில் புதுச் சட்டம் அத்தகுதியை நிலையாக்கியது.

இம்மீனைப் 'பாறைக் கிளாத்தி' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் சுருக்கமாகவே அழைப்பர். ஆயினும் சட்டத்தில் நெடும்பெயரும் இடம்பெற்றுள்ளது. தீவினரோ அன்றாடப் பேச்சில் பின்பகுதியை விட்டு 'ஹுமு' என்றே வழங்குவர். நம் இலக்கணத்தில் இதனைக் கடைக்குறை என்போம்.