மாவிலாற்று மதகும் மக்கள் சபையும்

திருகோணமலை என்றவுடன் உலகோர் கண்முன் தோன்றுவது அதன் துறைமுகம். நமக்கோ கோணமாமலையும் அதன் அடிவாரத்து ஆழ்கடலும் நினைவுக்கு வரும். ஆயினும் இம்மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றை அறிய விரும்புவோர், துறைமுகத்தை விட்டுத் தெற்கே சென்று, மாவிலாறு என்னும் சிறிய நீர்நிலையின் மதகைக் காண வேண்டும். சேருவில, மூதூர், ஈச்சிலம்பற்று ஆகிய பகுதிகளின் வயல்களுக்கு நீர் தருவது அது. 2006 ஆம் ஆண்டு ஜூலையில் அம்மதகு மூடப்பட்டது. அதைத் திறக்க எழுந்த சண்டை பெரும் போராக மூண்டது. மூதூர் முஸ்லிம்கள் கந்தளாயை நோக்கியும், சம்பூர்த் தமிழர் வாகரையை நோக்கியும் உடுத்த உடையோடு ஓடினர்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தவரும் ஒரே நீரைப் பகிர்ந்து வாழும் மாவட்டம் இது. இவர்களுள் எவரும் மக்கட்டொகையிற் பாதியைத் தாண்டியவரல்லர். ஆதலால் ஒருவர் மற்றவரோடு பேசித் தீர்மானிக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் மக்கள் சபை என்கிறோம். போர் ஓய்ந்த நாட்டில் வீதியும் பாலமும் அமைப்பதைவிட இவ்விடத்தை அமைப்பது கடினமான வேலை என்பதைத் திருகோணமலையின் அனுபவம் காட்டுகின்றது.

1987 ஜூலை 29 இல் இந்திய–இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தாகியது. அதைத் தொடர்ந்து வந்த பதின்மூன்றாம் திருத்தம் மாகாண சபைகளைத் தோற்றுவித்தது. 1988 நவம்பரில் இணைந்த வடக்கு–கிழக்கு மாகாணத்துக்குத் தேர்தல் நடைபெற்றது; திருகோணமலையே அதன் தலைநகராயிற்று. திரு. வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். ஆனால் 1990 இலேயே அச்சபை முடிவுற்றது. பின்னர் நெடுங்காலம் ஆளுநரும் அலுவலரும் நிர்வாகத்தை நடத்தினர். 2006 அக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது எனத் தீர்ப்பளிக்கவே, 2007 தொடக்கம் கிழக்கு தனி மாகாணமாயிற்று.

2008 மே 10 இல் முப்பத்தேழு உறுப்பினர் கொண்ட கிழக்கு மாகாண சபைக்கு முதற்றேர்தல் நடந்தது. துப்பாக்கி ஏந்தியிருந்தோர் சிலர் அன்று சபை உறுப்பினராக வந்து அமர்ந்தனர். அதனை ஐயத்தோடு நோக்கியவர் பலர். அந்த ஐயம் காரணமற்றதன்று. 2012 இல் இரண்டாம் தேர்தல் நடந்தது. 2015 இல் முஸ்லிம் காங்கிரஸைச் சேர்ந்த முதலமைச்சரின் கீழ் மூவின உறுப்பினரும் அமைச்சரவையில் இடம்பெற்றனர். மாவிலாற்றின் கசப்பை மறவாத மாகாணத்தில் இது சிறிய செய்தியன்று.

2017 செப்டெம்பர் 30 இல் அச்சபையின் காலம் முடிந்தது. புதிய தேர்தல் முறைக்கென அவ்வாண்டில் சட்டம் திருத்தப்பட்டது. தொகுதிகளைப் பிரித்த அறிக்கையை 2018 இல் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் போய்ப் புதிய முறையும் வாராமையால், 2025 வரை எட்டு ஆண்டுகள் மக்கள் தெரிந்த சபையின்றியே கழிந்தன. வட அயர்லாந்திலும் 1998 இன் உடன்படிக்கையால் பிறந்த சபை பலமுறை முடங்கி, 2024 இல் மீண்டும் கூடிற்று. அங்கே கட்சிகளின் பிணக்கால் சபை முடங்கியது. இங்கே சட்டத்தின் இடைவெளியொன்றை அடைக்க யாரும் அவசரப்படாமையால் முடங்கியது. சபை இல்லாத காலத்திலும் பாடசாலைகள் நடக்கின்றன, வைத்தியசாலைகள் நடக்கின்றன. ஆயின் ஆசிரியர் இடமாற்றம் குறித்துக் கேள்வி கேட்கவும், நியதிச்சட்டம் ஒன்றை ஆக்கவும் மக்களின் பிரதிநிதி இல்லை.

ஊர்ச் சபைகளின் நிலையும் எண்ணத் தக்கது. 2018 பெப்ரவரியில் புதிய கலப்பு முறையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. உறுப்பினருள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்ற விதியும் அப்பொழுதே நடைமுறைக்கு வந்தது. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய அடுத்த தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போயிற்று. அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் கூறியது. 2025 மே 6 இல்தான் மக்கள் வாக்களித்தனர்.

சபை என்பது அரசியல்வாதிகளின் விவகாரம், குடும்பத்துக்கு அதனால் என்ன என்று கேட்போர் உளர். அவர்கள் 2021 நவம்பர் 23 ஐ நினைக்க வேண்டும். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், மக்கள் கடந்துசெல்ல விடப்பட்ட மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் நீரில் மாண்டனர். அனுமதி கொடுத்தது யார், பாதுகாப்பைப் பார்த்தது யார் என்ற கேள்விகள் சடலங்கள் கரைசேர்ந்த பின்னரே எழுந்தன. அக்கேள்விகளை முன்னதாகவே கேட்பதற்குரிய இடமன்றோ சபை!

நம் ஊர்களில் இப்பழக்கத்துக்கு வித்து இல்லாமலில்லை. போகத் தொடக்கத்தில் விவசாயிகள் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கூடி, எந்நாளில் நீர் திறப்பது, எந்நாளில் விதைப்பது எனத் தீர்மானிக்கிறார்கள். மாதர் சங்கத்திலும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் கணக்கு வாசிக்கப்படுகின்றது. கூட்டக் குறிப்பு எழுதப்படுகின்றது. கணக்கைக் கேட்பதும், தோற்றவர் மறுகூட்டத்துக்கும் வருவதுமே சனநாயகத்தின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியைக் கற்றவர்கள் பிரதேச சபையிலும் அதனைக் கேட்கலாம். நாம் கட்டும் சோலைவரி எங்கே போகிறது என்று வினவலாம். வாக்காளர் இடாப்பில் வீட்டாரின் பெயர் உண்டா என்று ஆண்டுதோறும் பார்க்கலாம். பொறுமை வேண்டிய வேலைகள்தாம் இவை. ஆனால் இவை நடவாத இடத்தில் வேறு எவ்வித சபையும் நிலைப்பதில்லை.

மாவிலாற்று மதகு இன்று திறந்திருக்கின்றது. பகலில் அதன் வாய்க்கால் மூவினத்தவரும் வாழும் ஊர்களின் வயல்களை நனைத்துச் செல்கின்றது. அடுத்த முறை நீர் குறையும்போது, அதைப் பற்றிப் பேச ஒரு மேசையும் அம்மேசையைச் சுற்றி மக்கள் தெரிந்த மனிதரும் இருக்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.