இலவச வைத்தியமும் அதன் செலவும்: சுகாதாரக் காப்புறுதி, நோய்த்தடுப்பு பற்றிய தீர்மானங்கள்

மாணவர்களே, பின்வரும் கூற்றைக் கவனியுங்கள். “அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆகவே சிகிச்சை பெறுபவருக்குச் செலவு எதுவும் இல்லை.” இது சரியா, பிழையா? பலர் ‘சரி’ எனக் குறித்துப் புள்ளியை இழக்கின்றனர்.

விசுவமடுவில் நாட்கூலிக்கு மேசன் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு நீரிழிவு, ஊரில் ‘சீனி வருத்தம்’ என்பார்கள். மாதம் ஒருமுறை கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக் கிளினிக்குக்கு வரவேண்டும். இலங்கையில் அரச வைத்தியசாலைக் கட்டணங்கள் 1951 இல் நீக்கப்பட்டன. (1971 முதல் 1977 வரை வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடப்பட்டது.) எனவே பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் அவர் காசு கொடுப்பதில்லை. ஆனால் விடிய பஸ் எடுத்து, இலக்கம் பெற்று, வரிசையில் இருந்து, மருந்து வாங்கித் திரும்புவதற்குள் அன்றைய வேலை போய்விடும். கணக்குக்காக நாட்கூலியை 3,500 ரூபா எனவும் பஸ் கட்டணத்தை 300 ரூபா எனவும் கொள்க. 300 ரூபா கையிலிருந்து போகும் செலவு. 3,500 ரூபா கைக்கு வராமற்போன உழைப்பு. இதுவே அமையச் செலவு. ஆக, ‘இலவச’ கிளினிக்குக்கு ஒரு தடவை செல்ல 3,800 ரூபா, வருடத்துக்கு 45,600 ரூபா.

இரண்டு மாதம் அவர் போகாமல் விடுகிறார். ‘அறியாமை’ என்று மட்டும் விடை எழுதிவிடாதீர்கள். 3,800 ரூபா இழப்பு இன்றைக்கு, நிச்சயமானது. காலில் புண்ணோ சிறுநீரகப் பாதிப்போ பல வருடங்களின் பின்னர் வரலாம், வராமலும் விடலாம். உடம்பில் நோ இல்லாதவரைக்கும் தூரத்து இழப்பு சிறிதாகவே தெரியும். ஆயினும் புண் வந்து மூன்று மாதம் வேலை செய்ய முடியாமற்போனால், மாதம் 25 வேலைநாள் வீதம் இழப்பு 2,62,500 ரூபா. ஆறு வருடக் கிளினிக் செலவு கூட இதற்குச் சற்று மேலேதான் வரும்.

இது நம்மவருக்கு மட்டும் உரிய குணமன்று. இந்தியாவில் உதய்ப்பூர்க் கிராமங்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் நடத்திய ஆய்வின் முடிவு 2010 இல் வெளியாயிற்று. தடுப்பூசி எல்லா இடத்திலும் இலவசமே. வழமைபோல் விடப்பட்ட கிராமங்களில் 100 குழந்தைகளில் 6 பேரே எல்லா ஊசிகளையும் பெற்றனர். ஊருக்குள்ளேயே ஒழுங்காக முகாம் நடந்த இடங்களில் 18 பேர். முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்தபின் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த இடங்களில் 39 பேர். மாறியது ஊசியின் விலையல்ல. தாய் இழக்கும் நேரமும், அன்றே கையில் கிடைத்த பயனும்தான். நம் ஊரில் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவதும் தாயின் அமையச் செலவைக் குறைக்கும் செயலே.

இனிக் காப்புறுதி. 1,000 குடும்பங்களில் வருடத்துக்கு 20 குடும்பங்களுக்கு, தலா 2,00,000 ரூபா தனியார் வைத்தியச் செலவு ஏற்படும் என்க. மொத்தம் 40 இலட்சம். குடும்பத்துக்குச் சராசரி 4,000 ரூபா. நிர்வாகச் செலவும் சேர்த்து நிறுவனம் 5,000 ரூபா கட்டுப்பணம் கேட்கும். சராசரி இழப்பு 4,000 ஆயிருக்க 5,000 கட்டுவது ஏன்? 5,000 ரூபாவை எப்படியும் சமாளிக்கலாம். 2,00,000 ரூபா திடீரென வந்தால் நகை அடகுக்குப் போகும், சிலவேளை வயலும் போகும். அந்த இடரைப் பலரிடையே பகிர்வதற்கே மேலதிக 1,000 ரூபா. எனவே ‘நோய் வராவிட்டால் கட்டுப்பணம் நட்டம்’ என எழுதுவது பிழை. பாதுகாப்பு என்ற சேவை அவ்வருடம் முழுவதும் கிடைத்தது.

அப்படியாயின் நெல் விவசாயி ஏன் காப்புறுதி எடுப்பதில்லை? அரச வைத்தியசாலை இருப்பது ஒரு காரணம். அவருக்குக் காசு வருவது காலபோக, சிறுபோக அறுவடையின் போது. கட்டுப்பணமோ மாதாமாதம் கேட்கப்படுவதுண்டு. மற்றொன்று, வருத்தக்காரர் மட்டும் சேர்ந்தால் கட்டுப்பணம் ஏறும், ஏறினால் சுகதேகிகள் விலகுவர், மீண்டும் ஏறும். இது பாதகமான தெரிவு எனப்படும். அரச ஊழியரின் ‘அக்ரஹார’ காப்புறுதியில் கட்டுப்பணம் சம்பளத்திலேயே கழிக்கப்படுவதால் சுகதேகிகளும் உள்ளே இருப்பர். 2017 இல் மாணவர்களுக்காக ஆரம்பிக்கப்பட்ட ‘சுரக்ஷா’வில் கட்டுப்பணத்தை அரசே செலுத்தியது. மேசனுக்குக் கழிப்பதற்குச் சம்பளப் பட்டியல் இல்லை.

எந்தக் காப்புறுதியும் செய்யமுடியாத வேலையும் ஒன்று உண்டு. மலேரியாவை நினைத்துப் பாருங்கள். 1934–35 தொற்றில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். வீடுகளுக்கு மருந்து விசிறியதன் பயனாக 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். நோயைக் காணவில்லை, செலவு வீண் என்ற எண்ணத்தில் வேலை தளர்ந்தது. 1968–69 இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். கிளினிக்கைத் தவறவிட்ட மேசனின் கணக்குத்தான், அரசின் அளவில். பின்னர் வன்னியில் காய்ச்சல் வந்தாலே மலேரியாவோ எனச் சந்தேகிக்கும் காலம் நெடுநாள் நீடித்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் பதிவானது 2012 ஒக்டோபரில். உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பர் 5 இல் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஒருவர் நுளம்பு வலைக்குள் படுத்தால் அயலவருக்கும் நன்மை; ஆனால் அயலவர் அதற்குக் காசு தருவதில்லை. இப்படியான வெளிவாரி நன்மை உள்ள சேவையைச் சந்தை குறைவாகவே வழங்கும். அதனால்தான் வெளிநாட்டிலிருந்து நோயோடு வருபவரைக் கண்டுபிடிக்க மலேரியா தடை இயக்கம் இன்றும் இரத்தம் பரிசோதிக்கின்றது.

பயிற்சி: வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை சுகாதாரப் பகுதியினரால் இலவசமாக வழங்கப்படுகின்றது. உங்கள் ஊர் விவசாயி ஒருவர் அதை வாங்கப் போகவில்லை. (அ) அவருக்கு ஏற்படக்கூடிய அமையச் செலவு ஒன்றைக் குறிப்பிடுக. (ஆ) அச்செலவைக் குறைக்க மாத்திரையை எங்கே, எப்போது வழங்கலாம் எனக் காரணத்துடன் எழுதுக.