பிக்கப்பை உயர்த்தும் முன் பட்டையைப் பாருங்கள்

வாழைத்தார் ஏற்றி வரும்போது பிக்கப்பின் அடிப்பகுதி தோட்டத்துத் தடத்தில் உரசுகிறதா? உடனே பட்டறைக்குப் போய் வண்டியை உயர்த்தச் சொல்லிவிடாதீர்கள். முதலில், காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைப் பாருங்கள். வளைவு குறைந்தோ விரிசல் விட்டோ இருந்தால், இருபுறமும் புதிய பட்டை மாற்றினாலே பழைய உயரம் கிடைத்துவிடும்.

அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்தினால் சேசிஸும் தொட்டியும்தான் மேலே போகும். பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் அதே உயரத்தில்தான் இருக்கும். மேட்டில் இடிப்பது அதுவென்றால் செலவு வீண். கூடுதல் பட்டை போட்டால் தொய்வு குறையும். அனுமதித்த பாரம் கூடாது. அச்சு, பிரேக், டயர் எல்லாம் பழையவைதானே? உயரம் கூடினால், பாரத்தோடு வரப்போரச் சரிவில் கவிழும் ஆபத்தும் கூடும்.

பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரலாம்.

எனவே பட்டையைச் சரிசெய்யுங்கள், பாரத்தைக் குறையுங்கள், தடத்து மேட்டை மண்வெட்டியால் சமன்செய்யுங்கள். பிறகும் உரசினால், வண்டித் தயாரிப்பாளரின் சேவை மையத்தில் கேட்டு முடிவெடுங்கள்.