பழைய லேத் வாங்கப் போகிறீர்களா, சகோதரி?

"லேத் மிஷினா? அதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரமாச்சே!" என்று முகவாய்க்கட்டையில் கை வைத்துக் கொள்கிறீர்களா? அப்படி ஒன்றும் இல்லை. பெங்களூரிலிருந்து மைசூர் போகிற வழியில் சென்னபட்டணம் என்று ஓர் ஊர். பாலை மரத்தைக் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றி, கிலுகிலுப்பையும் பொம்மையும் செய்கிற அந்த ஊர்ப் பட்டறைகளில் எத்தனையோ பெண்கள் லேத்தின் முன்னால் நின்று வேலை பார்க்கிறார்கள். நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் மட்டும் என்னவாம்? நாம் சின்ன வயசில் மண்சோறு பொங்கி விளையாடினோமே, அதுவும் கடைசல் வேலைதான். பூரிக்கட்டை, மோர் மத்து, பம்பரம், கட்டில் கால் எல்லாமே லேத்தில் பிறந்தவை.

வீட்டோடு ஒரு தொழில் என்று நினைக்கிற பெண்களுக்கு இது நல்ல தொழில். ஆனால் புது இயந்திரத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பழையதாகப் பார்த்து வாங்கலாம். அதில் இரண்டு சங்கடம். ஒன்று, ஏமாறாமல் வாங்க வேண்டும். இன்னொன்று, அந்த இரும்பு மலையை யார் காலிலும் போடாமல் வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்க வேண்டும்.

எடைக்குப் போட வேண்டாம்!

பழைய மர லேத் எப்போது விலைக்கு வருகிறது? பெரும்பாலும் அதை ஓட்டியவர் கண்ணை மூடிய பிறகுதான். விற்பவரும் ஒரு பெண்ணாக இருப்பார்.

தென்காசிப் பக்கத்துச் சகோதரி ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கிக்கொண்டு, ஒரு மூதாட்டியின் வீட்டுக்குப் போனார்.

"ஆச்சி, மிசினைக் கொடுக்கப் போறியளாமே?"

"ஆமா தாயி. அவுக போயி ரெண்டு வருசமாச்சு. பழைய இரும்புக்காரன் கிலோக் கணக்குல கேக்கான். எனக்கு மனசு வரல."

காயலான் கடை விலையைவிடக் கூடவும், புது விலையில் பாதிக்குக் குறைவாகவும் பேரம் முடிந்தது. இரண்டு பேருக்கும் லாபம். உளிகள், மரக் கைப்பிடிகள், ஸ்பானர் எல்லாம் ஒரு தகர டப்பாவில் சேர்ந்து வந்தன. கிளம்பும்போது ஆச்சி சொன்னார்: "வேல முடிஞ்சதும் இந்தப் பொத்தல்ல ரெண்டு சொட்டு எண்ணெ விடுவாக. மறந்துராத." பேரிங்குக்குப் பதில் வெண்கலப் புஷ் வைத்த பழைய லேத்துகளுக்கு அந்த இரண்டு சொட்டுதான் உயிர். அதை எந்தக் கடைக்காரர் சொல்லுவார்?

உங்கள் வீட்டில் அப்படி ஒரு இயந்திரம் சும்மா கிடந்தால், தராசில் ஏற்றுமுன் நாலு கடைசல் பட்டறையில் விசாரியுங்கள்.

பார்த்து வாங்க வேண்டியவை

முதலில், அது மர லேத்தா, இரும்பு லேத்தா என்று கேளுங்கள். மர லேத்தில் உளியைத் தாங்கிக்கொள்ள ஒரு தாங்கி இருக்கும். உளியை நம் கையில்தான் பிடிக்க வேண்டும்.

* பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். வழவழவென்று சுற்ற வேண்டும். 'கரகர' என்றால் பேரிங் போய்விட்டது. பேரிங் மாற்றிவிடலாம், அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

* ஸ்பிண்டிலை முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொட லொட என்று ஆடக் கூடாது.

* எதிர்ப்பக்கம் நகரும் பாகத்தை, அதாவது டெயில்ஸ்டாக்கை, தள்ளிக்கொண்டு வாருங்கள். இரண்டு பக்கத்துக் கூர்முனைகளும் ஒன்றை ஒன்று முத்தமிட வேண்டும். விலகி நின்றால் மரம் நேராகக் கடைபடாது.

* வார்ப்பிரும்புப் பாகங்களில் விரிசலோ, வெல்டிங் தழும்போ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனம்! சின்னச் சுத்தியலால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும். உடைந்த பானையைத் தட்டினாற்போல் கேட்டால் யோசியுங்கள்.

* மோட்டார் சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா? வீட்டில் 230 வோல்ட் சிங்கிள் பேஸ்தான் என்றால், 415 வோல்ட் த்ரீ பேஸ் மோட்டார் நேரடியாக ஓடாது. மோட்டாரை மாற்ற வேண்டும், அல்லது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுச் சாதனம் ஒன்று வைக்க வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போவது உத்தமம். தொழிலுக்கு என்றால் மின் இணைப்பு விவரத்தை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

* வேகம் எத்தனை? மரத்தின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கினால் 6,000-லிருந்து 9,000-க்குள் வர வேண்டும் என்பது கடைசல்காரர்களின் கணக்கு. 3 அங்குலக் கட்டைக்கு 2,000 முதல் 3,000 சுற்று. 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 சுற்றுதான். குறைந்த வேகமே 1,200 என்றால், அந்த இயந்திரத்தில் பெரிய கிண்ணம் கடைய ஆசைப்படாதீர்கள்.

எல்லாம் திருப்தியா? பணம் கொடுத்ததற்குக் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு யாரும் கேள்வி கேட்கக் கூடாது, பாருங்கள்.

இப்போது மலையைப் பெயர்க்க வேண்டும்

ஒரு லிட்டர் பால் பிடிக்கிற இடத்தில் வார்ப்பிரும்பை வைத்தால் எடை ஏழு கிலோ! தரையில் நிற்கிற பெரிய லேத் என்றால் 200, 300 கிலோ சர்வ சாதாரணம். "நாலு பேர் இருந்தால் தூக்கிடலாம்" என்று வீட்டு ஆண்கள் சொல்வார்கள். விடாதீர்கள். ஒரு கை நழுவினால் ஒரு பாதம் போய்விடும்.

முதலில் கழற்றுங்கள். மின் இணைப்பை எடுத்துவிட்டு, கைபேசியில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மோட்டார், பெல்ட், டெயில்ஸ்டாக், உளித் தாங்கி என்று ஒவ்வொன்றாக. எது எங்கே என்று சாக்பீஸால் எண் போடுங்கள். நட்டு, போல்ட்டுகளைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடுங்கள். இப்படிச் செய்தாலே பாதி பாரம் குறைந்துவிடும். மீதி நிற்பது நீளமான படுகையும், ஸ்பிண்டில் இருக்கிற தலைப்பக்கமும்தான். தலைப்பக்கம் கனம் அதிகம். தூக்கும்போது அந்தப் பக்கம்தான் சாயும். கயிறு போடுவது படுகையில் இருக்கட்டும். ஸ்பிண்டிலில் கட்டித் தூக்கவே கூடாது.

தரையில் நகர்த்த உபாயம் சுலபம். அடியில் இரண்டு கனமான மரச்சட்டங்களை வைத்து போல்ட் போட்டு முடுக்குங்கள். சட்டத்துக்குக் கீழே நாலு இரும்புக் குழாய்த் துண்டுகள். தள்ளத் தள்ள, பின்னால் வெளிவருகிற குழாயை எடுத்து முன்னால் போட வேண்டும். கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே மாதிரி ஒருவர் ஆப்புக்கட்டையோடு தயாராக நிற்கட்டும். குழாயை நகர்த்துகிறவர் அடியில் விரலை விடக் கூடாது.

வண்டியில் ஏற்றப் பலகைச் சரிவு போடுவார்கள். இங்கே ஒரு சின்னக் கணக்கு. 300 கிலோ இயந்திரத்தை 3 அடி உயரம் ஏற்ற 6 அடிப் பலகை போட்டால், உராய்வு நீங்கலாக 150 கிலோ இழுக்கிற பலம் வேண்டும். 12 அடிப் பலகை என்றால் 75 கிலோ பலம் போதும். நீளமான, தடித்த பலகையாகக் கேளுங்கள். இறக்கும்போதும் அதே பலம் நம்மைப் பார்த்துத்தான் வரும்! கயிற்றை ஒரு தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பலகைக்குக் கீழே, பாரத்துக்கு நேராக, ஒருவரும் நிற்கக் கூடாது. குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடுங்கள்.

'குட்டி யானை' வண்டியே போதும். இயந்திரத்தை ஓட்டுநரின் கேபினை ஒட்டி, எடை நடுவில் வருகிற மாதிரி வைத்து, நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டுங்கள். பாதி வழியில் நிறுத்திக் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுமைப்பணியாளர் கூலி, செயின் பிளாக் வாடகை, வண்டி வாடகை மூன்றையும் முன்கூட்டியே பேசி, லேத் விலையோடு கூட்டிப் பாருங்கள். மொத்தம்தான் உண்மையான விலை.

உங்கள் உடம்பு முக்கியம்

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிபுணர்கள் 1991-ல் வகுத்த கணக்குப்படி, எல்லா வசதியும் சரியாக அமைந்தாலும் ஒருவர் தூக்க ஏற்ற எடை 23 கிலோதான். மோட்டாரே அதைத் தாண்டலாம். கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில மாதமே ஆனவர்கள், கருப்பை இறக்கம், குடலிறக்கம், முதுகுவலி உள்ளவர்கள் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தால் போதும். "நானும் ஒரு கை பிடிக்கிறேனே" என்று போக வேண்டாம்.

வந்து இறங்கிய அன்றைக்கே சூடம் காட்டலாம், ஓட்ட வேண்டாம். தரை மட்டம் பார்த்து, ஆடாமல் போல்ட் போட்டு, எர்த் இணைப்பு கொடுத்து, மரம் எதுவும் மாட்டாமல் குறைந்த வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

வேலைக்கு நிற்கும்போது துப்பட்டா வேண்டாம். புடவை என்றால் முந்தானையை இறுக்கிச் செருகுங்கள். வளையலைக் கழற்றிவிடுங்கள், சங்கிலி ரவிக்கைக்கு உள்ளே இருக்கட்டும், பின்னலைக் கொண்டையாக்கித் துணி கட்டுங்கள். கையுறை போடவே கூடாது. சுற்றுகிற மரம் கையுறையோடு விரலையும் இழுத்துக்கொள்ளும். முகத்துக்குக் கண்ணாடி போன்ற மறைப்பு அவசியம்.

மரத்தூளை லேசாக நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. மூக்கிலும் அதை ஒட்டிய அறைகளிலும் நோய் வரலாம். முந்தானையால் மூக்கைப் பொத்தினால் போதாது. என்-95 முகக் கவசம் போடுங்கள். லேத் சமையலறைக்கும் தொட்டிலுக்கும் தூரமாக, காற்றோட்டமான கொட்டகையில் இருக்கட்டும்.

முதலில் ஒரு பூரிக்கட்டை கடையுங்கள். கோணல் மாணலாக வந்தாலும் பரவாயில்லை. அதில் உருட்டுகிற பூரிக்கு ருசி தனிதான்!