அலுமினியப் படகில் ஒழுக்கு: கண்டறிதலும் அடைத்தலும்

தென்காசி வட்டத்தில் குத்துக்கல்வலசை, இலஞ்சி, மேலகரம் முதலிய ஊர்ப்பக்கத்துக் குளங்கள் ஆண்டு முழுதும் ஜலம் தாங்குவன அல்ல. ஆனி ஆடியில் மேல்மலையில் பெய்யும் மழையாலும், ஐப்பசி கார்த்திகையின் அடைமழையாலும் அவை பெருகும், கோடையில் வற்றும். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் வழியிலுள்ள வெண்ணமடைக் குளத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தார் விடும் படகுகளும் குளம் நிறைந்த காலத்திலேயே ஓடுவன. ஆகையால் இப்பக்கத்தில் மீன்பாசிக் குத்தகைக்காரரோ ஊராட்சியாரோ வைத்திருக்கும் சிறு படகு எதுவாயினும், ஆண்டில் பல மாதம் கரையில் வெயிலில் கிடக்கும். அதன் பழுது, படகு அவசியமாகும் நாளிலேதான் வெளிப்படுகிறது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் ஜில்லாக்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பதிவாயிற்று. தாமிரபரணிக் கரையூர்களில் ஜனங்களை மீட்க மீன்பிடி படகுகள் வேண்டியிருந்தன. அத்தகைய இரவில் ஒழுகும் படகு, படகே இல்லாமையினும் கேடானது. அதை நம்பி ஆட்கள் ஏறிவிடுவார்கள் அல்லவா?

மரத்தோணி பழகிய கைகளுக்கு அலுமினியப் படகின் இயல்பு புதிது. மரம் காய்ந்தால் பலகை சுருங்கி மூட்டுவாய் திறக்கும். இரண்டொரு நாள் ஜலத்தில் ஊறினால் பலகை பருத்துப் பெரும்பாலும் தானே அடைபடும். எஞ்சியதற்குப் பஞ்சும் குங்கிலியமும் இட்டுக் கலப்பற்று அடிப்பது பழைய முறை. தகட்டுக்கு ஊறிப் பருக்கும் குணம் இல்லை. இன்று ஒரு சொட்டு விடும் மூட்டு நாளைக்கு இரண்டு சொட்டு விடுமேயன்றிக் குறையாது. தாரையும் குங்கிலியத்தையும் தகட்டில் பூசுவதும் வீண். வெயிலில் தகடு விரிந்து குளிரில் சுருங்குகையில் பூச்சு வெடித்து உரிந்துவிடும்.

படகில் ஜலம் நின்றால் அது ஒழுக்கே என்று முடிவு செய்தல் தகாது. ஈர வலையிலிருந்து வடிந்ததும், மழை ஜலமும், இருக்கைக்கடியில் வைத்த மிதவைப் பஞ்சு உறிஞ்சி மெல்லக் கக்குவதும் உண்டு. முதலில் படகை முற்றும் காலிசெய்து துடைத்து, ஆளில்லாமல் ஆழமற்ற இடத்தில் ஒரு மணி நேரம் மிதக்கவிட வேண்டும். பின்பு வழக்கமான பாரத்தை ஏற்றி மறுபடியும் பார்க்க வேண்டும். பாரமில்லாதபோது ஒழுகாமல் பாரத்தில் ஒழுகினால், பழுது ஜலமட்டத்துக்குச் சற்று மேலே பக்கத் தகட்டிலோ, பாரத்தில் வாய்திறக்கும் மூட்டிலோ இருக்கும். இச்சோதனையைச் செய்யாமல் அடித்தகட்டையே சுரண்டிக்கொண்டிருப்போர் பலர்.

இடத்தைத் திட்டமாகக் காண, படகைக் கரையேற்றி வெளிப்புறத்தை நன்றாக உலர்த்தி உள்ளே ஜலம் விடுவதே சிறந்த வழி. வெளியே கசியும் புள்ளியைச் சுண்ணக்கட்டியால் உடனே வட்டமிட வேண்டும். தாமதித்தால் ஜலம் தகட்டின்மேல் ஓடி, வேறிடத்தில் சொட்டி ஏமாற்றும். ஆனால் பாரத்தை மறத்தலாகாது. 12 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள படகில் 4 அங்குல ஆழம் ஜலம் விட்டால் அது ஏறத்தாழ 400 லிட்டர், அதாவது 400 கிலோ எடை. இரண்டே கட்டைகளின்மேல் வைத்து இவ்வளவு விட்டால், இருந்த மூட்டும் பிளக்கும். நாலைந்து இடங்களில் நெருங்கத் தாங்கல் கொடுத்து, 2 அங்குலத்தில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். ஊசித்துளை மாத்திரம் உள்ளதென்று தோன்றினால், இராக்காலத்தில் உள்ளே விளக்கு வைத்து வெளியிலிருந்து பார்ப்பதும் பயன் தரும்.

அமரத்தில் ஜலம் வடிக்கும் துவாரத்தின் மூடியையும் அதன் வளையத்தையும் முதலில் பார்க்க வேண்டும். பாதிக் குற்றம் அங்கேயே தீர்வதுண்டு. அடுத்து இயந்திரம் பொருத்திய திருகாணித் துளைகள், பிறகு ஏராவை ஒட்டிய ரிவெட்டு வரிசை, கடைசியில் கரையில் இழுத்து இழுத்துத் தேய்ந்த அடித்தகடு.

தளர்ந்த ரிவெட்டை இறுக்க இருவர் வேண்டும். ஒருவர் வெளித்தலையில் கனத்த இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்முனையைச் சிறு சுத்தியால் தட்ட வேண்டும். துளை பெருத்திருந்தால் பழையதைத் துளைத்தெடுத்து, அடுத்த பருமனுள்ள கெட்டி அலுமினிய ரிவெட்டைப் படகுக்குரிய பசையில் தோய்த்து அடிக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பாப் ரிவெட்டின் நடு ஓட்டை வழியே ஜலம் வரும். அது இங்கு உதவாது. தகட்டில் வெடிப்பானால், அதன் இரு நுனிகளிலும் 3 மில்லிமீட்டர்த் துளை இட்டு மேலும் ஓடாமல் நிறுத்தி, அதே இனத் தகட்டைக் கோணங்கள் உருட்டிய ஒட்டாக வெட்டி, இடையே பசை பூசி, அங்குலத்துக்கு ஒன்றாக ரிவெட்டு அடிக்க வேண்டும்.

பசை எதுவாயினும் சுத்தமே அதன் பலம். அலுமினியத்தின்மேல் காற்றுப்பட்ட மாத்திரத்தில் ஒரு மெல்லிய துருத்தோல் படியும். துருவேறா எஃகுக் கம்பித் தூரிகையால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, உடனே எபாக்சிப் பசை இட வேண்டும். மறுநாள் இடலாமென்று விட்டால் வேலை வீண். இத்தோலே பற்றவைப்பையும் கடினமாக்குகிறது. அலுமினியம் 660 பாகையில் உருகும். மேல்தோலோ 2,000 பாகைக்கு மேல்தான் உருகும். ஆதலால் சாதாரணப் பட்டறையில் தோல் இளகுமுன் உள்தகடு ஓட்டையாகும். ஆர்கான் வாயு வைத்துப் பற்றவைக்கத் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும். கொடுக்குமுன் பெட்ரோல் தொட்டியையும் மிதவைப் பஞ்சையும் அகற்றுதல் அவசியம்.

விவசாயிகள் படகை விவசாயச் சாமான்களுக்கும் பயன்படுத்துவதால் ஒரு கேடு நேர்கிறது. மீன்குளத்தில் தூவச் சுண்ணாம்பு மூட்டையை ஏற்றுவதும், போர்டோக் கலவைக்கு மயில் துத்தம் ஏற்றுவதும் வழக்கம். ஈரச் சுண்ணாம்பு அலுமினியத்தின் காப்புத்தோலைக் கரைத்துவிடும். துத்தத்தின் தாமிரமோ தகட்டில் படிந்து, ஈரத்தில் அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைக் குழிகுழியாக அரிக்கும். உள்ளே விழுந்து கிடக்கும் பித்தளைத் திருகும் செப்புக் கம்பித் துண்டும் அவ்வாறே செய்யும். இவற்றை ஏற்றியே தீரவேண்டுமாயின் நீளமான பிளாஸ்டிக்குத் தொட்டியில் வைத்து ஏற்றி, அன்றே படகைக் கழுவிவிட வேண்டும். கழுவியபின் மடித்த ஈரச் சாக்கைப் படகினுள் விட்டுவைத்தாலும் அதன் அடியில் தகடு வெண்பொடியாகிக் குழி விழும்.

அடைத்த இடத்தைப் பசை நன்றாக இறுகியபின், முன்சொன்னபடி உள்ளே ஜலம் விட்டு மறுபடியும் சோதிக்க வேண்டும். பிறகு படகைக் கவிழ்த்து மரக்கட்டைகளின்மேல், தரையில் படாமல், நிழலில் வைக்கலாம். ஊராட்சிப் படகாயின், ஒழுகிய இடம், அடைத்த விதம், சோதித்த தேதி ஆகியவற்றைப் புரட்டாசிக்கு முன்பே பதிவேட்டில் எழுதிவைப்பது அதன் பொறுப்பாளரின் வேலை.