உறைந்தும் உயிர் போகாத செல்கள்

திரவ நைட்ரஜன் கலன்

இந்த அலுமினியக் கலனுக்கு இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம். உள்ளே மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜன். அந்தக் குளிரில் செல்களின் வேதிவினைகள் ஏறக்குறைய நின்றுவிடும். ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கலாம்.

செல்களை அப்படியே உறையவைத்தால் உள்ளே உருவாகும் பனிப்படிகங்கள் அவற்றைச் சிதைத்துவிடும். கிளிசரால் கலந்து உறையவைத்த சேவல் விந்தணுக்கள் உருகிய பின்னும் பிழைப்பதை 1949இல் லண்டனில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகியோர் அறிவித்தனர். இன்று ஆய்வகங்களில் பெரும்பாலும் கிளிசராலுக்குப் பதிலாக டைமெத்தில் சல்ஃபாக்சைடை ஏறத்தாழ 10 சதவீதம் சேர்க்கிறார்கள்.

உறையவைப்பதில் நிதானம் வேண்டும்: நிமிடத்துக்குச் சுமார் 1 டிகிரியாகக் குறைத்தால், படிகமாகும் முன்பே செல்லிலிருந்து நீர் வெளியேறிவிடும். உருக்குவதில் வேகம் வேண்டும்: 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் ஓரிரு நிமிடங்கள் போதும்.

முன்னால் உள்ள சுண்டுவிரல் அளவுக் குப்பியில் பத்து லட்சம் செல்களுக்கு மேல் அடங்கும். அதன்மேல் அழியாத மையில் மூன்று குறிப்புகள்: செல் வகையின் பெயர், உறையவைத்த தேதி, அதுவரை எத்தனை முறை புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்தார்கள் என்ற எண்.