கார்வர் கொண்டுவந்த கடலைப் பெட்டி

வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கினால் கடலையை ஆய்ந்துகொண்டு செடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேரைப் பாருங்கள். கடுகு கடுகாக முடிச்சுகள் தெரியும். அவற்றுக்குள் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் செடிகளால் அதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. இந்தப் பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக மாற்றிக் கொடுக்கின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. வேலை மும்முரமாக நடக்கிறது என்று அர்த்தம்!

அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தியையே போட்டுப் போட்டு மண் சத்திழந்து கிடந்தது. பருத்திக்கு அடுத்துக் கடலையோ தட்டைப்பயறோ போட்டால் இந்த வேர்முடிச்சுகளால் மண் தேறும் என்று ஏழை விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமைத் தாய்க்குப் பிறந்த கறுப்பினத்தவர். கடிதத்தில் இடம் கொடுத்த ஒரு கல்லூரி, நேரில் அவர் நிறத்தைப் பார்த்ததும் திருப்பி அனுப்பியது. மனம் கசந்துபோகாமல் வேறிடத்தில் படித்து, 1896இல் டஸ்கிகி கல்வி நிலையத்தில் ஆசிரியரானார். பாடம் நடத்தியதோடு, மாணவர்களுக்கு ஞாயிறுதோறும் பைபிள் வகுப்பும் எடுத்தார்.

1921 ஜனவரி. உள்நாட்டுக் கடலை விவசாயிகளைக் காக்க வெளிநாட்டுக் கடலைக்கு வரி போடுவது பற்றி நாடாளுமன்றக் குழு முன் பேச அவருக்கு 10 நிமிடம் கிடைத்தது. பெட்டியைத் திறந்து, கடலையில் செய்த பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். கூடவே தர்பூசணியும் வேண்டுமா என்று ஓர் உறுப்பினர் இடைமறித்தார். சாதாரணக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் கறுப்பினத்தவரைத் தர்பூசணிப் பிரியர்கள் என்று கேலி செய்வது அங்கே பழைய வழக்கம். கார்வருக்கு அது தெரியாதா?

அவர் முகம் சுளிக்கவில்லை. தர்பூசணி சாப்பாட்டுக்குப் பிறகு தின்கிற பண்டம், அது இல்லாமலும் சமாளிக்கலாம், போர்க்காலம் அதைக் கற்றுத் தந்ததே என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, அடுத்த பொருளை எடுத்தார்.

பயந்து அடங்கிப்போனார் என்று நினைக்காதீர்கள். பகைவரையும் நேசிக்கச் சொன்ன இயேசுவை மனதார நம்பியவர் அவர். திருப்பிக் குத்தியிருந்தால் அந்த 10 நிமிடமும் சண்டையில் போயிருக்கும்; விவசாயிகளின் கோரிக்கை அப்படியே நின்றிருக்கும்.

நடந்ததோ வேறு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்றார் குழுத்தலைவர். விதை தரும் செடிகளைக் கடவுள் உணவாகக் கொடுத்த ஆதியாகமம் முதல் அதிகாரத்தையும் கார்வர் அங்கே எடுத்துச் சொன்னார். பேசி முடித்தபோது அந்த உறுப்பினர்களே கைதட்டினார்கள். 1922இல் வந்த வரிச் சட்டத்தில் கடலைக்கும் இடம் கிடைத்தது.